பெட்டி சொல்லும் வாட்ஸும் ஃபியூஸ் சொல்லும் வாட்ஸும்

தெற்கு டெல்லியின் முனிர்காவில் தொண்ணூறுகளைக் கழித்தவர்களுக்கு லோ வோல்டேஜ் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மே மாதத்து இரவில் டி.டி.ஏ. குடியிருப்பின் கூலர்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கினால் டியூப்லைட் கண் சிமிட்டும், மின்விசிறி சோர்ந்து சுற்றும், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று தவிக்கும். லால் டோரா எனும் பழைய கிராம எல்லைக்குள் மாடிமேல் மாடியாக எழும்பிய கிராமத்துப் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். ஊருக்கு மின்சாரம் கொடுத்துவந்த டெசு போய் 1997-இல் டெல்லி வித்யுத் போர்டு வந்தது. 2002 ஜூலையில் அதுவும் போய் விநியோகம் தனியார் கைக்கு மாறியது. அந்தக் காலம் முழுக்க வீட்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர், முடிந்தால் ஒரு இன்வர்ட்டர் என்பதுதான் தெற்கு டெல்லி நடுத்தர வர்க்கத்தின் நடைமுறை. வயர் மெலிந்திருந்தால் மோட்டார் எரியும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், அதே வீடுகளின் கீழே நின்ற கார்களில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஏற்றும்போது மட்டும் ஒருவரும் வோல்டேஜைப் பற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எல்லாரும் எத்தனை வாட்ஸ் என்று கேட்டார்கள். கடைக்காரரும் பெட்டியைத் திருப்பி, பெரிய எழுத்தில் அச்சடித்த எண்ணைக் காட்டினார்.

காரில் உரத்த, சுத்தமான ஒலி வேண்டுமென்றால் வேலையை மின்சாரத்தின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆல்டர்னேட்டர், பேட்டரி, வயர், எர்த், ஃபியூஸ், அதற்குப் பிறகு ஸ்பீக்கர் பெட்டி, கதவுத் தகடு, கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸ். டெல்லியில் நான் கண்ட கார்களில் பெரும்பாலானவற்றில் இந்த வரிசை தலைகீழாகவே இருந்தது. பணம் முதலில் வாட்ஸுக்குப் போனது. வயருக்கு வந்து சேர்ந்தபோது கையில் மிஞ்சியது சில்லறை. ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவி டெல்லியில் கைமாறியது. கார் தயாரான குர்காவ், முனிர்காவிலிருந்து கூப்பிடு தூரம்தான். அதற்கு முன்பு அம்பாசடரிலும் பத்மினியிலும் பாட்டு என்பது அரிதான ஆடம்பரம். மாருதி வந்த அதே ஆண்டுகளில்தான் டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் கேசட்டின் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கின. டெக் வந்தது, அதன் கீழே விளக்குகள் மேலும் கீழும் ஆடும் ஈக்வலைசர் வந்தது, பின்பக்கப் பலகையில் சிக்ஸ்-பை-நைன் என்ற முட்டை வடிவ ஸ்பீக்கர் ஜோடி வந்து உட்கார்ந்தது, பிறகு டிக்கியில் உருளையாக பேஸ் டியூப். கூடவே இசையும் மாறியது. 1992-இல் 'ரோஜா', 1994-இல் 'காதலன்'. இரண்டாவது படம் 'ஹம்ஸே ஹை முகாப்லா' என்று இந்தியில் வந்ததால், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஓட்டுநரின் டெக்கிலும் ரஹ்மானின் கீழ்ஸ்தாயி அதிர்வு ஏறிக்கொண்டது. பழைய பாடல்களில் பேஸ் என்பது பின்னணியில் இருக்கும். இவற்றில் அது முன்னால் வந்து நின்றது. அதை எழுப்பச் சின்ன ஸ்பீக்கரால் முடியாது, டெக்குக்குள் இருக்கும் சிப்பாலும் முடியாது. கரோல் பாகின் கார் உபகரணக் கடைகளுக்குக் கூட்டம் போனதில் ஆச்சரியமில்லை. தேவை நியாயமானது; அதை விற்ற முறைதான் கோணல்.

பெட்டியில் எழுதியிருந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். சாதாரண டெக்கின் முகப்பில் 4×50 வாட்ஸ் என்றிருக்கும். காரில் எஞ்சின் ஓடும்போது கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். டெக்குக்குள் இருக்கும் சிப்புக்கு அந்த வோல்டேஜை உயர்த்தும் ஏற்பாடு கிடையாது. நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு அது சுத்தமாகத் தரக்கூடிய உச்சம், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 26 வாட்ஸ். நடைமுறையில் இருபதைச் சுற்றி நிற்கும். மீதி முப்பது எங்கிருந்து வருகிறது? அச்சகத்திலிருந்து. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் எழுதிய டப்பாக்களை விட்டுவிடுவோம். அவை எந்த அளவீட்டு விதிக்கும் கட்டுப்பட்டவையல்ல. அமெரிக்கத் தொழில்துறை 2003-இல் சி.இ.ஏ.-2006 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது: 14.4 வோல்ட், நான்கு ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்குள் என்ற நிபந்தனையில் அளந்த எண்ணையே எழுத வேண்டும் என்று. அந்த முத்திரை இருக்கும் பெட்டியை நம்பலாம். முத்திரை இல்லாவிட்டால், ஆம்ப்ளிஃபையரின் முதுகைத் திருப்பி ஃபியூஸைப் பார்க்க வேண்டும். 2000 வாட்ஸ் என்று பொறித்த ஒன்றில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கிறது என்று கொள்வோம். அறுபது ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். பழைய ஏ.பி. வகுப்பு சர்க்யூட் என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல் வெளியே வரும், மீதி சூடாகப் போகும். இரண்டாயிரம் என்று வாங்கியது நானூற்றைம்பது. வடிவமைத்த எஞ்சினியர் ஃபியூஸைப் போட்டிருக்கிறார், விளம்பரக்காரர் எண்ணைப் போட்டிருக்கிறார்; நான் எஞ்சினியர் பக்கம்.

பெட்டியில் எழுதிய எண் உண்மையாகவே இருந்தால் என்ன ஆகும்? அங்கேதான் சிக்கல் பெரிதாகிறது. நேர்மையான 1000 வாட்ஸ் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் நூற்றுக்கு எண்பது திறனில் ஓடினால் 1250 வாட்ஸ் கேட்கும், 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். அந்தக் காலச் சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் நாற்பது, ஐம்பது ஆம்பியர் ரகம். பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இன்றைய நடுத்தரக் கார்களில் ஆல்டர்னேட்டர் எண்பது, நூறு என்று ஏறியிருக்கிறது. ஆனால் அந்த எண் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் பலவற்றில் அதில் பாதிதான் வரும். டெல்லியில் கார் எப்போதும் ஐடிலில்தானே நிற்கிறது! மாலையில் அவுட்டர் ரிங் ரோட்டில், ஐ.ஐ.டி. பக்கமிருந்து முனிர்கா வரை ஊர்ந்து வரும் காரில் ஏசி ஊதியும் ரேடியேட்டர் விசிறியும் இருபது ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்கின்றன, ஹெட்லைட் இரண்டும் எட்டு ஒன்பது, எஞ்சினின் சொந்தத் தேவை தனி. ஆல்டர்னேட்டரின் கையிருப்பு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் பேஸ் அடிக்கும் ஒவ்வொரு அடியும் பேட்டரியிலிருந்து எடுக்கும் கடன். தாளத்துக்கேற்ப ஹெட்லைட் மங்கி மங்கி எரியும் கார்களை அந்தச் சாலையில் பார்க்காதவர் இருக்க முடியாது. அதைப் பெருமையாகக் காட்டியவர்களும் உண்டு. கூலர் ஓடினால் டியூப்லைட் மங்கும் வீட்டில் மட்டும் யாரும் அப்படிப் பெருமைப்படவில்லை.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று: இசை என்பது ஒரே சீரான ஒலியலை அல்ல; உச்சத்தில் ஆயிரம் வாட்ஸ் போனாலும் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்; ஆகவே 90 ஆம்பியர் கணக்கு மிகை. உண்மைதான், இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கச்சேரியோ இளையராஜாவின் பழைய பாடல்களோ கேட்பவருக்குச் சராசரி இன்னும் குறையும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்றாலும் முப்பது ஆம்பியர். ஐடிலில் கையிருப்பு தீர்ந்துவிட்ட ஆல்டர்னேட்டருக்கு முப்பதும் அதிகம்தான். பேஸ் விடாமல் ஓடும் பஞ்சாபிப் பாடல்களிலும் நடனப் பாடல்களிலும் சராசரியே பாதியை நெருங்கலாம். மேலும் பெரிய ஆம்ப்ளிஃபையரை வாங்குபவர் சராசரிக்காக வாங்குவதில்லை. அந்த உச்ச நொடிக்காக வாங்குகிறார். அந்த நொடியில் வோல்டேஜ் படுத்தால் கொடுத்த பணம் எதற்கு?

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. 14.4 வோல்ட்டுக்குப் பதில் 11.5 வோல்ட் கிடைத்தால் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களின் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஏறக்குறைய 36 சதவீதம் இழப்பு. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் டெசிபெல் கணக்கில் அது இரண்டு டெசிபெலுக்கும் குறைவு. காதுக்கு லேசாகத்தான் தெரியும். அப்படியானால் வயருக்காக ஏன் இத்தனை வாதம்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் கணக்குத் தெரிந்தவர்கள். அவர்களை ஒதுக்கிவிட முடியாது. பதில் என்னவென்றால், சத்தம் குறைவதால் வரும் நஷ்டம் சிறியது, சிதைவு முன்கூட்டியே தொடங்குவதால் வரும் நஷ்டம் பெரியது. வோல்டேஜ் இறங்கியதும் ஆம்ப்ளிஃபையர் தரக்கூடிய உச்சத்தின் கூரையும் இறங்குகிறது. அலையின் முகடு அந்தக் கூரையில் இடித்துத் தட்டையாகிறது. கிளிப்பிங் என்பது அதுதான். தட்டையான அலை கூம்பை முன்பின் தள்ளுவதைவிடச் சுருளைச் சூடேற்றுவதில் கெட்டிக்காரன். பேஸ் மொத்தையாகக் கேட்கிறது. கேட்பவர் போதவில்லை என்று குமிழை இன்னும் திருப்புகிறார். கிளிப்பிங் இன்னும் கூடுகிறது. வாய்ஸ் காயில் கருகும் வாசனை வருவது பெரும்பாலும் இப்படித்தான். முழு ஸ்தாயிக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர் என்றால் தட்டையான அலையிலிருந்து பிறக்கும் மேல்ஸ்தாயிகள் ட்வீட்டரையும் சேர்த்து எரிக்கின்றன. 'ஆம்ப்ளிஃபையர் பவர்ஃபுல், ஸ்பீக்கர் தாங்கவில்லை' என்று கடையில் தீர்ப்புச் சொல்வார்கள். அடுத்த விற்பனைக்கு அது நல்ல வழி.

வோல்டேஜ் படுகிறது என்று புகார் சொல்லிக்கொண்டு போனவர்களுக்குக் கடைகளில் கிடைத்த மருந்து கெப்பாசிட்டர். ஒரு ஃபாரட், நீல விளக்கில் வோல்டேஜைக் காட்டும் பளபளப்பான உருளை. பார்க்க அழகுதான். கணக்கு என்ன சொல்கிறது? ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது வெளியே தருவது 26 ஜூல். 1250 வாட்ஸ் கேட்கும் ஆம்ப்ளிஃபையருக்கு அது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். 40 ஹெர்ட்ஸ் பேஸின் ஒரே ஒரு அலை முடிய இருபத்தைந்து மில்லி வினாடி ஆகும். கெப்பாசிட்டர் அந்த ஒரு அலைக்குக்கூடத் தாக்குப்பிடிக்காது. பிறகு காலியானதை நிரப்ப அதே ஆல்டர்னேட்டரிடம் அதுவும் கையேந்தி நிற்கும். மிகக் குறுகிய துள்ளல்களை மட்டும் அது மழுப்பும், பற்றாக்குறையைத் தீர்க்காது. வருமானம் போதாத வீட்டில் உண்டியல் வாங்கி வைத்த கதை.

இரண்டாவது பேட்டரி என்பது கெப்பாசிட்டரைவிட உருப்படியான யோசனை. எஞ்சின் நின்ற நிலையில் பாட்டுப் போடுபவருக்கு அது தேவையும்கூட. 35 ஆம்பியர்-மணி பேட்டரி 90 ஆம்பியரில் காகிதக் கணக்குப்படி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நிற்கும். நடைமுறையில் அதில் பாதி, அதன்பின் செல்ஃப் எடுக்காது. ஆனால் இங்கேயும் டெல்லிக்கே உரிய ஒரு ஆபத்தான குறுக்குவழி இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இன்வர்ட்டருக்கென்று ஒரு டியூபுலர் பேட்டரி இருக்கிறதே, அதை டிக்கியில் வைத்தால் என்ன? வைக்கக் கூடாது. அது திரவ ஆசிட் பேட்டரி. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். நிமிர்ந்து நிற்க வேண்டும். மெதுவாக, பல மணி நேரம் கொடுப்பதற்காகச் செய்தது. பேஸ் அடிக்கும் நொடியில் அள்ளிக் கொடுப்பது அதன் இயல்பல்ல. ஹேட்ச்பேக்கில் டிக்கியும் நாம் உட்காரும் இடமும் ஒரே காற்றுவெளி என்பதை மறந்துவிடக் கூடாது. சீல் செய்த ஏ.ஜி.எம். பேட்டரி மட்டுமே உள்ளே வைக்கத் தகுந்தது. அதையும் எஞ்சின் நின்றதும் பிரதான பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் ஐசொலேட்டர் ஒன்றுடன். இரண்டாவது பேட்டரியையும் அதே ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும் என்பது மிச்சமிருக்கும் உண்மை. ஆயிரம் வாட்ஸுக்கு மேல் போக நினைப்பவர் பேட்டரிகளை அடுக்குவதற்கு முன் பெரிய ஆல்டர்னேட்டர் அந்த எஞ்சினில் பொருந்துமா என்று விசாரிக்க வேண்டும். பாட்டுக் கேட்கக் கிளம்பி ஆல்டர்னேட்டர் கடையில் போய் நிற்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான முகவரியாகவே படுகிறது.

வயரின் கதைக்கு வருகிறேன். என் கணிப்பில் மோசடி அதிகம் நடந்த இடம் இதுதான். பானெட்டிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் வயர். நான்கு கேஜ் செம்பு வயர் என்றால், அதாவது 21 சதுர மில்லிமீட்டர், 90 ஆம்பியரில் இழப்பு ஏறக்குறைய 0.37 வோல்ட். எட்டு கேஜ் என்றால் 0.9 வோல்ட். கடைகளில் 'ஆம்ப்ளிஃபையர் கிட்' என்று பிளாஸ்டிக் உறையில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை எட்டு கேஜ், அதுவும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சி.சி.ஏ. அதன் கடத்துதிறன் செம்பின் கடத்துதிறனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், இழப்பு 1.4 வோல்ட்டைத் தொடும். தடிமனான, ஒளிபுகும் சிவப்பு உறைக்குள் மெல்லிய கம்பியை வைத்து, வெளித்தடிமனைக் காட்டி விற்ற வயர்களும் உண்டு. ஒரு முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அவ்வளவு எளிய சோதனையைச் செய்யவிட்ட கடைகள் குறைவு. சி.சி.ஏ. வயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. செம்பின் விலை கைக்கு எட்டாதபோது, ஒரு படி தடித்த சி.சி.ஏ. வயரைப் போட்டால் இழப்பு சமமாகிவிடும். முனைகளில் ஈரமும் துருவும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். குற்றம் அலுமினியத்தில் இல்லை. செம்பு என்று சொல்லி விற்றதில்தான் இருக்கிறது.

போகும் வழிக்கு இத்தனை பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியை மறந்தவர்கள் ஏராளம். கரண்ட் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் காரின் உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டிலோ பெயின்ட்டின் மேலேயே ஒரு ஸ்க்ரூவிலோ பாடி எர்த் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. எஞ்சின் வேகத்துக்கேற்ப ஸ்பீக்கரில் 'வீங்' என்று ஒரு இரைச்சல் ஏறி இறங்கினால் காரணம் அநேகமாக அந்த ஸ்க்ரூவாக இருக்கும். பெயின்ட்டை வெறும் உலோகம் தெரியுமளவு தேய்த்து, பிளஸ் வயரின் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக எர்த் கொடுக்க வேண்டும். பானெட்டுக்குள்ளும் மூன்று வயர்களை மாற்ற வேண்டும்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து உடலுக்கு, எஞ்சினிலிருந்து உடலுக்கு. கம்பெனி போட்ட வயர்கள் ஹெட்லைட்டையும் ஏசியையும் கணக்கில் வைத்துப் போட்டவை. நம் ஆசையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காக்கிறது. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஐந்து மீட்டர் வயரைக் காக்கிறது. ஃபயர்வால் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் இழுத்த வயர், தகட்டின் விளிம்பில் நாளெல்லாம் உரசி உறை கிழிந்தால், இடையில் ஃபியூஸ் இல்லாத பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டும். கார் எரிய அது போதும். 45 டிகிரி வெயிலில் மூடி நிற்கும் டெல்லிக் காருக்குள் மலிவான உறை சீக்கிரமே இளகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் வாட்ஸுக்கு வரலாம். வந்து பார்த்தால் அது அத்தனை முக்கியமில்லை என்று தெரியும். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது மூன்று டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குப் போகும் செலவில், மூன்று டெசிபெல் கூடுதல் உணர்திறன் உள்ள வூஃபரை வாங்கினால் அதே பலன், கரண்ட் ஒரு ஆம்பியர்கூடக் கூடாது. அளந்து செய்த போர்ட் பெட்டி அது ஒத்திசைக்கும் ஸ்தாயியைச் சுற்றி இன்னும் சில டெசிபெல்களை இனாமாகத் தரும். காரின் மூடிய அறையே மிகக் கீழான ஸ்தாயிகளைத் தூக்கிக் கொடுக்கிறது; வீட்டு ஹாலில் இந்த வசதி கிடையாது. கதவுத் தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினால் தகடு அதிர்ந்து வீணாக்கிய பேஸ் உள்ளே திரும்புகிறது. கடைசியில் ஆம்ப்ளிஃபையரின் கெயின் குமிழ். அந்தக் குமிழை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிட்டுப் போவது இன்றும் நடக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டெக்கை முக்கால் வால்யூமில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வெளிமுனையில் மல்ட்டிமீட்டரை வைக்க வேண்டும். 500 வாட்ஸ், இரண்டு ஓம் என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6, ஏசி வோல்ட் அந்த எண்ணைத் தொட்டதும் குமிழை நிறுத்த வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத ஆயிரம் வாட்ஸைவிடச் செய்த முந்நூறு வாட்ஸ் நன்றாக ஒலிக்கும் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இத்தனை சத்தம் எதற்கு என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. முனிர்கா போன்ற இடத்தில் அது நியாயமான கேள்வி. கிராமத்துச் சந்துகளில் ஜன்னலுக்கும் காருக்கும் கையகலத் தூரம். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டர். அதற்குக் கதவும் சுவரும் ஒரு பொருட்டே அல்ல, டேம்பிங் ஷீட்டும் அதை முழுக்க அடைக்காது. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வைத்தன. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தந்த தீர்ப்பு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியது. கேட்பவரின் காதுக்கும் எல்லை உண்டு: 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றால், மூன்று டெசிபெலுக்கு ஒருமுறை நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். இந்த எண்களை ஏற்றுக்கொண்டே ஒன்று சொல்கிறேன். பெரிய சிஸ்டத்தின் பயன், குமிழை முழுக்கத் திருப்புவதில் இல்லை. மிதமான சத்தத்தில் கேட்கும்போது தவிலின் ஒரு அடி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒரு குமுக்கி, சராசரியைவிடப் பத்து மடங்கு ஆற்றலை ஒரு நொடிக்குக் கேட்கும். அந்த நொடிக்குக் கையிருப்பு வேண்டும். தெருவுக்குப் பாட்டுப் போடுபவருக்காக நான் வாதாட வரவில்லை. அவருக்கு அபராதம் விதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

புதிய கார்களில் இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எரிபொருள் மிச்சப்படுத்துவதற்காக இப்போது பல கார்களில் ஆல்டர்னேட்டரை எஞ்சினின் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் வோல்டேஜைத் தானாகவே 12.5 அளவுக்கு இறக்கிவிடும். ஆம்ப்ளிஃபையருக்கு அது பழைய லோ வோல்டேஜ்தான், காரணம் மட்டும் புதிது. பேட்டரி நெகட்டிவில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். எர்த் வயரை அந்த சென்சாருக்கு முன்னால் பேட்டரி முனையிலேயே நேராக மாட்டினால் கம்ப்யூட்டரின் கணக்குக் குழம்பும். கம்பெனி வயரை வெட்டினால் வாரண்டியைப் பற்றிப் பேச்சு வரும். இன்னொன்றும் டெல்லிக்காரர்கள் யோசிக்க வேண்டும்: பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவையும் அதை 2018-இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தையும் தொடர்ந்து, பத்து வயதான டீசல் காரும் பதினைந்து வயதான பெட்ரோல் காரும் இந்த ஊரில் என்றைக்கு வெளியேற வேண்டிவருமோ என்ற நிலைக்குத் தள்ளப்பட்டன. ஆகவே காரோடு போகாத பொருளில் பணத்தைப் போடுங்கள். நல்ல செம்பு வயர், நல்ல வூஃபர், கழற்றி மாற்றக்கூடிய பெட்டி ஆகியவை அடுத்த காருக்கும் வரும்.

கரோல் பாகுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகும்போது ஒரு மல்ட்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். சில நூறு ரூபாய்தான். வேலை முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் உச்ச வால்யூமில் பேஸ் கனத்த பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். முதலில் பேட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள், அடுத்து ஆம்ப்ளிஃபையரின் முனைகளில். பேட்டரியிலேயே 12.5-க்குக் கீழே இறங்கினால் அந்த ஆம்ப்ளிஃபையர் உங்கள் காருக்குப் பெரிது. பேட்டரியில் சரியாக இருந்து, இரண்டு அளவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், வயரையும் எர்த்தையும் மாற்றித் தரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.